பாடும் நகைகள்

ஒலிக்கும் அணி தமிழர்க்குப் புதியதன்று. குழந்தையின் காலில் தண்டையும், ஆடுமகளின் காலிற் சதங்கையும், மணமகளின் காலிற் பாதசரமும் ஒலிக்கக் கேட்டு வளர்ந்த சமுதாயம் இது. சிலப்பதிகாரத்திலே ஒரு பெரும் வழக்கின் முடிவு, சிலம்பின் உள்ளே கிடந்த பரல்களைப் பொறுத்து அமைந்தது. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்த இரண்டு அணிகளுள் எது எவருடையது என்பதை உள்ளே இருந்த பொருளே காட்டிக்கொடுத்தது.

ஆயினும் சிலம்பும் சதங்கையும் அணிந்தவர் நடந்தால் ஒலிக்கும், நின்றால் அடங்கும். அவற்றின் ஓசை உடலின் அசைவுக்குத் துணையாகுமேயன்றித் தானாக ஒரு பண்ணை இசைக்காது. அணிந்தவர் அசையாது அமர்ந்திருக்க, அவரது மோதிரமோ பதக்கமோ தானே ஒரு மெட்டைப் பாடி முடிக்கும் விந்தை, ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டு முடியுந் தறுவாயிற் பிறந்தது. செல்வச் சீமான்களுக்குரிய பொன்னணியாகத் தொடங்கிய அவ்விந்தை, ஏறத்தாழ 150 ஆண்டுகளின் பின்னர், கடைத்தெருவில் விற்கும் முலாம் பூசிய பதக்கத்துள்ளும் புகுந்தது. வெளியே இருந்த பொன் மெய்யாய் இருந்தபோதும் பொய்யாய் இருந்தபோதும், உள்ளே இருந்த இசை மெய்யாகவே இருந்தது. இந்நகைகளின் வரலாற்றிற் சிந்திக்கத்தக்க செய்தி அதுவே.

போலிப் பொன்னும் பாடும் பொறியும் ஒரே மனிதரின் பட்டறையிற் சந்தித்தன என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. கிறிஸ்தோபர் பிஞ்ச்பெக் என்பார் இலண்டனில் மணிக்கூடு செய்து வாழ்ந்தவர். 1721ஆம் ஆண்டளவில் அவருடைய கடை பிளீற் வீதியில் அமைந்திருந்தது. செம்பையும் துத்தநாகத்தையும் தக்க அளவிற் கலந்து உருக்கி, பார்வைக்குப் பொன்னையே ஒத்த ஓர் உலோகத்தை அவர் ஆக்கினார். மணிக்கூட்டுக் கூடுகளும், சங்கிலிகளும், மூக்குப்பொடிச் சிமிழ்களும் அந்த உலோகத்திற் செய்யப்பட்டன. வழிப்பறிக் கொள்ளையர்க்கு அஞ்சிய பிரயாணிகள், பொன்னணிகளை வீட்டில் வைத்துவிட்டு இவற்றை அணிந்து சென்றனர் என்பர். அவர் 1732இல் மறைந்தார். அவருடைய பெயரே அவ்வுலோகத்தின் பெயராயிற்று. காலப்போக்கில், ஆங்கில மொழியிற் போலியான எப்பொருளையும் குறிக்கும் சொல்லாகவும் அது இழிந்தது. ஆனால் அவர் காலத்து மக்கள் அவரை வியந்து போற்றியது, பறவைகளின் குரலையும் வாத்தியங்களின் ஓசையையும் போல இசைக்கும் மணிக்கூடுகளை ஆக்கிய விற்பன்னர் என்றே. சந்தைகளில் அவர் காட்சிக்கு வைத்த அப்பொறிகளைக் காண மக்கள் திரண்டனர். பின்வந்தோர் அவர் பெயரிற் பொய்யை மட்டும் வைத்துக்கொண்டு இசையை மறந்துவிட்டனர்.

பிஞ்ச்பெக் காலத்து இசைமணிக்கூடுகள் பெரும்பாலும் மணிகளையும் சுத்தியல்களையும் கொண்டு இயங்கியவை. முட்கள் பதித்த உருளையொன்று சுழல, அம்முட்கள் சிறு சுத்தியல்களைத் தூக்கி விடுக்கும்; சுத்தியல்கள் மணிகளைத் தட்டும். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மணி வேண்டும். மணியோ குறித்த சுரத்தைத் தருவதற்குக் குறித்த பருமன் உடையதாய் இருத்தல் வேண்டும். ஆகவே சுவரோரம் நிற்கும் மணிக்கூட்டிலும், சிறிது முயன்றாற் சட்டைப்பை மணிக்கூட்டிலும் இசையை அடக்கலாம். விரலில் அணியும் மோதிரத்தில் அடக்கல் இயலாது. அந்தத் தடையை நீக்கிய நகரம் ஜெனீவா.

ஜெனீவா மணிக்கூட்டு நகரமானதற்கும் நகைக்கும் தொடர்பு உண்டு. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கல்வின் என்னும் சமயச் சீர்திருத்தவாதியின் செல்வாக்கு அந்நகரில் ஓங்கியிருந்தது. ஆடம்பர அணிகளுக்கு எதிரான கட்டளைகள் பிறந்தன. திருக்கோயிற் பாத்திரங்களும் சிலுவைகளும் செய்வதும் பொற்கொல்லர்க்கு விலக்கப்பட்டது. தொழில் இழந்த பொற்கொல்லர், காலத்தை அறிவிக்கும் கருவி ஆடம்பரம் ஆகாது என்னும் நியாயத்தைப் பற்றிக்கொண்டு மணிக்கூட்டுத் தொழிலின்பாற் சென்றனர். பிரான்சில் நிகழ்ந்த சமயக் கொடுமைகளுக்குத் தப்பி வந்த அகதிகளுட் பலர் அத்தொழில் வல்லவராய் இருந்தமை அவர்களுக்குத் துணையாயிற்று. 1601இல் ஜெனீவாவின் மணிக்கூட்டுத் தொழிலாளர் தமக்கெனச் சங்கம் அமைத்து விதிகளும் வகுத்துக்கொண்டனர்.

நாளடைவிற் கட்டளைகள் தளர்ந்தன. மறைந்திருந்த பொற்கொல்லரின் கை, மணிக்கூட்டின் கூட்டிலே மீண்டும் வெளிப்பட்டது. பொற்றகட்டிற் செதுக்கலும், மினாவேலைச் சித்திரமும், முத்துப் பதித்தலும் ஜெனீவாவின் தனிச்சிறப்புகளாயின. சென்ற் ஜெர்வே என்னும் பகுதியில், உயர்ந்த வீடுகளின் மேல்மாடங்களில், பகல் வெளிச்சம் நிறைய வரும் சாளரங்களின் அருகே அமர்ந்து தொழிலாளர் வேலை செய்தனர். கல்வியிலும் அரசியல் விவாதத்திலும் ஈடுபாடு மிக்கவர் என்று பேர்பெற்ற அத்தொழிலாளர் குலத்திலேதான், 1712இல், ஜீன் ஜாக் ரூசோ பிறந்தார். அவருடைய தந்தையாரும் மணிக்கூடு செய்பவரே.

அந்நகரத்து மணிக்கூட்டுத் தொழிலாளர் ஒருவர் அந்துவான் ஃபாவ்ர். 1776இல் ஜெனீவாவில் நிறுவப்பெற்ற கலைச் சங்கம், தொழிற் புதுமைகளை ஆராய்ந்து ஊக்குவித்து வந்தது. 1796ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி, அச்சங்கத்தின் முன் ஃபாவ்ரின் கண்டுபிடிப்பு வைக்கப்பட்டது. மணியும் சுத்தியலும் இன்றி மணியிசை எழுப்பும் வழி என்று அது பதிவு செய்யப்பட்டது. மணிகளை நீக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் மெல்லிய உருக்குத் தகடுகளை அவர் வைத்தார். உருளையின் முள் அத்தகட்டின் நுனியை மெல்லத் தூக்கி விட்டுவிட, தகடு துடித்து ஒலித்தது. வீணையின் தந்தியை விரல் மீட்டுவது போன்ற செயல் அது.

செய்தி எளிது, விளைவோ பெரிது. உருக்குத் தகட்டின் சுரம் அதன் நீளத்தையும் தடிப்பையும் பொறுத்தது. ஒரே தடிப்புள்ள இரண்டு தகடுகளுள் ஒன்றின் நீளம் மற்றதிற் பாதியானால், அதன் அதிர்வு நான்கு மடங்காகும். தடிப்பை இரட்டித்தால் அதிர்வும் இரட்டிக்கும். ஆகவே அரத்தால் ஓரிடத்திற் சிறிது தேய்த்தாற் சுரம் ஏறும். வேறோரிடத்திற் தேய்த்தால் இறங்கும். தாழ்ந்த சுரத்துக்கு நீண்ட தகடு வேண்டும் என்னும் இடர்ப்பாட்டையும் தொழிலாளர் வென்றனர். தகட்டின் அடியிற் சிறு ஈயத்துண்டை ஒட்டினால், அதன் பாரத்தாற் தகடு மெல்ல அதிர்ந்து தாழ்ந்த சுரத்தைத் தரும். இவ்வகையாற் பெரிய இசைக்குச் சிறிய இடம் போதுமாயிற்று.

தொடக்கத்தில் ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியே திருகாணியிட்டுப் பொருத்தினர். பின்னர், ஒரே உருக்குத் துண்டில் வரிசையாகப் பல பற்களை வெட்டி எடுக்கும் முறை வந்தது. அதன் உருவத்தைக் கண்டே அதற்குச் சீப்பு என்று பெயரிட்டனர். பொறியின் ஏனைய உறுப்புகளும் நுட்பமானவை. சாவி கொடுத்தவுடன் இறுகும் சுருள்வில் உருளையைச் சுழற்றும். அச்சுழற்சி கட்டின்றி விரையாதபடி, பற்சில்லுகளின் இறுதியில் ஒரு சின்னஞ்சிறு விசிறி சுழன்று காற்றைத் தள்ளும். காற்றின் எதிர்ப்பே அங்கு தாளத்தைக் காக்கும். முன்னரே அதிர்ந்துகொண்டிருக்கும் பல்லை அடுத்த முள் தொட்டாற் கரகரப்பு எழும். ஆதலால் முள் தொடுமுன் பல்லை அமைதிப்படுத்த, மயிர்போன்ற ஒரு கம்பி அதன் அடியிற் பொருத்தப்பட்டிருக்கும். இவையனைத்தும் ஒரு புளியங்கொட்டையளவு இடத்தில் அடங்கிய காலமும் வந்தது.

அக்காலத்தை விரைவிற் கொணர்ந்தவர்களுள் இசாக் தானியல் பிகே குறிப்பிடத்தக்கவர். உருளை எவ்வளவு சிறிதாயினும் அதற்கு உயரம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், உருளைக்குப் பதிலாக ஒரு தட்டையான வட்டிலின் இரு முகங்களிலும் முட்களைப் பதித்து, பற்களை அதன் மேலும் கீழும் விரித்து அமைக்கும் முறையை அவர் கையாண்டார். இசைப்பொறி ஒரு நாணயம்போற் தட்டையாயிற்று. பிலிப் சாமுவேல் மெலான் என்பாருடன் கூடி 1811 முதல் 1828 வரை அவர் நடத்திய தொழிலகம், பாடும் மணிக்கூடுகளுக்கும் பாடும் அணிகளுக்கும் புகழ்பெற்றது.

மோதிரம், சங்கிலியிற் தொங்கும் முத்திரை, மணிக்கூட்டுச் சாவி, வாசனைச் சிமிழ், பதக்கம் என அக்காலச் சீமான்களும் சீமாட்டிகளும் அணிந்த பல பொருள்களுள் இசை குடிபுகுந்தது. பொத்தானை அழுத்தினால் ஒரு மெட்டின் சில அடிகள் ஒலித்து நிற்கும். நகையின் உடல் சிறிதாகையால் ஒலியும் மெலிதே. கையில் வைத்திருப்பவரும் அருகில் இருப்பவரும் மாத்திரமே அதனைக் கேட்கலாம். மரமேசையில் வைத்தால், மேசையும் சேர்ந்து அதிர்ந்து ஒலியைப் பெருக்கும். இவ்வணிகளுக்குச் சீனாவிலும் பெருமதிப்பு இருந்தது. ஒன்றின் கண்ணாடி நிழல்போல மற்றது அமைந்த இரட்டைகளாக அவை சீனச் சந்தைக்குச் செய்யப்பட்டன. சீனப் பேரரசர்கள் சேர்த்த ஐரோப்பிய மணிக்கூடுகளையும் இசைப்பொறிகளையும் பீக்கிங் அரண்மனை நூதனசாலையில் இன்றும் காணலாம்.

அத்தகைய அணியொன்றின் விலையிற் பெரும்பங்கு பொன்னுக்கும் மினாவேலைக்கும் முத்துக்கும் சென்றது. மூடியிலே வணிகரின் பெயர் சில வேளை பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளே பற்களை அராவிச் சுரம் கூட்டியவரின் பெயரைப் பெரும்பாலும் எங்கும் காண இயலாது. சுருள்வில் செய்தவர் ஒருவர், பற்சில்லு வெட்டியவர் ஒருவர், சீப்புச் செய்தவர் ஒருவர், முட்கள் பதித்தவர் ஒருவர் என வேலை பலர் கையிற் பிரிந்திருந்தமையால், நகையைப் பாடவைத்தவர் இன்னார் என்று ஒருவரைச் சுட்டவும் முடியாது.

ஜெனீவாவின் மாடங்களிற் பிறந்த இந்தத் தொழில், விரைவில் மலைநாட்டில் வேரூன்றியது. சுவிற்சர்லாந்தின் மேற்கு எல்லையில், பிரான்சை அடுத்து ஜூரா மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. அங்கே, வோ மாநிலத்தில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்தில் அமைந்தது சாந்த் குருவா என்னும் சிற்றூர். பனிக்காலம் நெடியது, பயிர் விளையும் காலம் குறுகியது. நீண்ட பனிக்கால மாதங்களிற் சரிகைப் பின்னலும் மணிக்கூட்டு உறுப்பு வேலையும் செய்து பிழைத்த அவ்வூர் மக்கள், 1811ஆம் ஆண்டளவில் இசைப்பெட்டித் தொழிலையும் மேற்கொண்டனர். சில பத்தாண்டுகளில் ஊரின் பிழைப்பே அதுவாயிற்று.

அங்கு வேலை நடந்த முறை குடிசைத் தொழில் முறையாகும். மெட்டைச் சீப்பின் சுரங்களுக்கு ஏற்பச் சுருக்கி அமைப்பவர் ஒருவர். அவ்வமைப்பின்படி, வெறும் பித்தளை உருளைமீது ஒவ்வொரு முள்ளுக்கும் உரிய புள்ளியைக் குறிப்பவர் வேறொருவர். புள்ளிகளிற் துளையிட்டு, மயிரிழை போன்ற உருக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் செருகும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. பெரிய உருளைகளிற் பல்லாயிரம் முட்கள் இருக்கும். செருகி முடிந்ததும் உருளையினுள்ளே உருகிய குங்கிலியக் கலவையை இட்டுச் சுழற்றுவர். அது உட்சுவரிற் படிந்து இறுகி முட்களைப் பற்றிக்கொள்ளும். ஒரு முள் மயிரிழை விலகினாலும் மெட்டு முன்னோ பின்னோ தவறும். வீட்டு விளக்கொளியில், குடும்ப வேலைகளுக்கிடையே அமர்ந்து இந்த வேலையைச் செய்த பெண்களின் கண்ணும் கையுமே பாட்டின் தாளத்தைக் காத்தன.

பாட்டு எவருடையது என்னும் கேள்வியும் இக்காலத்தில் எழுந்தது. புகழ்பெற்ற இசைநாடகங்களின் மெட்டுகளை இசைப்பெட்டிகள் பாடின. அவற்றை இயற்றிய இசைப்புலவர்க்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. 1886இல் பேர்ண் நகரில் இலக்கிய, கலைப் படைப்புரிமை பற்றிய சர்வதேச உடன்படிக்கை உருவானபோது, பொறிகளின் வழியே இசையை ஒலிக்கச் செய்யும் கருவிகளைச் செய்வதும் விற்பதும் உரிமை மீறல் ஆகா என்று அதன் இறுதிக் குறிப்பில் எழுதப்பட்டது. இசைப்பெட்டித் தொழிலை நம்பி வாழ்ந்த சுவிற்சர்லாந்தின் நலனை முன்னிட்டே அச்சலுகை சேர்க்கப்பட்டது. 1908இல் பேர்லின் நகரில் உடன்படிக்கை திருத்தப்பட்டபோதுதான், பொறிவழி இசைக்கும் இயற்றியவர்க்கு உரிமை உண்டென்பது ஏற்கப்பட்டது. பிற்காலத்தில் இசைத்தட்டும் வானொலியும் இசைப்புலவர்க்குச் செலுத்த நேர்ந்த உரிமைப் பணத்தின் வரலாற்றில், மலையூர்ப் பெட்டிகளுக்கும் ஓரிடம் உண்டு.

அதற்குள் மலையூரின் வாழ்வுக்கே இடையூறு வந்துவிட்டது. 1885ஆம் ஆண்டளவில், ஜேர்மனியின் லைப்சிக் நகரில், பவுல் லொக்மான் என்பார் உருளையை நீக்கி, கழற்றி மாற்றத்தக்க உலோக வட்டத் தகடுகளால் இயங்கும் இசைப்பெட்டியை வெளியிட்டார். தகடுகளை அச்சிற் குத்தி ஆயிரக்கணக்கில் ஆக்கலாம். ஒரே பெட்டியில் வேண்டிய பாட்டெல்லாம் கேட்கலாம். முள் செருகும் கைகளுக்கு அங்கே வேலை இல்லை. அத்தகட்டுப் பெட்டிகளும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1877இல் எடிசன் கண்டறிந்த ஒலிப்பதிவுக் கருவி மெல்ல வளர்ந்து, 20ஆம் நூற்றாண்டு பிறந்ததும் வீடுகளுட் புகுந்தது. மனிதக் குரலையே திருப்பிப் பாடும் கருவியின் முன், பல் மீட்டும் பெட்டி எவ்வாறு நிற்கும்?

சாந்த் குருவா மக்கள் தம்மை வீழ்த்த வந்த கருவியையே தமது தொழிலாக்கிக்கொண்டனர். இசைப்பெட்டி செய்த பையார் நிறுவனம் ஒலிக்கருவிகளையும், பின்னர்த் தட்டச்சுப் பொறிகளையும் செய்யத் தொடங்கியது. 1935இல் அது வெளியிட்ட போலெக்ஸ் திரைப்படக் கமரா உலகெங்கும் பரவியது. 1883இல் ஹேர்மன் தொரென்ஸ் இசைப்பெட்டிக்கென அவ்வூரிற் தொடங்கிய நிறுவனம், 1903 முதல் ஒலிக்கருவிகள் செய்தது. 1957இல் அந்நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டுச் சுழற்றியை ஒலிபரப்பாளரும் இசையன்பரும் பெரிதும் மதித்தனர். சீப்பின் பல்லை அராவிய கைகளின் நுட்பம், கமராவின் பற்சில்லிலும் இசைத்தட்டின் சீரான சுழற்சியிலும் தொடர்ந்து வாழ்ந்தது.

எனினும் சீப்பு முற்றாக மறையவில்லை. சார்ல்ஸ் ரூஜ் என்னும் மணிக்கூட்டுத் தொழிலாளர் 1865இல் சாந்த் குருவாவிற் குடியேறி, பாடும் சட்டைப்பை மணிக்கூடுகளைச் செய்தவர். அவருடைய வழித்தோன்றலான கீடோ ரூஜ், பனிச்சறுக்குப் பாதணியை இறுக்கும் கம்பிப் பூட்டொன்றைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர்; இசைப்பெட்டித் தொழிலையும் அவரே பெருந்தொழிலாக வளர்த்தார். இரண்டாம் உலக யுத்தம் 1945இல் முடிந்தபோது, ஐரோப்பாவில் நின்ற அமெரிக்கப் போர்வீரர்கள் விடுமுறையைக் கழிக்கச் சுவிற்சர்லாந்துக்கு வந்தனர். தாய்க்கும் மனைவிக்கும் காதலிக்கும் கொண்டுசெல்ல அவர்கள் தேடிய பரிசுகளுள் மணிக்கூட்டை அடுத்து நின்றது இசைப்பெட்டி. அணையும் நிலையில் இருந்த தொழிலுக்கு அவர்கள் வழியாகப் புதிய சந்தை திறந்தது.

1950களிலும் 1960களிலும் பாடும் நகை மறுபிறப்பு எடுத்தது. இம்முறை அது பிறந்தது பொன்னில் அன்று, முலாமில். தமிழ் மக்கள் கவரிங் என்று வழங்கும் வகையைச் சேர்ந்த, பித்தளைமீது மெல்லிய பொற்பூச்சு ஏற்றிய பதக்கங்கள். கண்ணாடிக் கற்கள் பதித்த சிமிழ்கள். சிறு சிறு தொங்கல்கள் கோத்த கைச்சங்கிலிகளில் ஒரு தொங்கலாக அமைந்த குட்டி இசைப்பெட்டிகள். இலண்டனில் கிகு, பேர்மிங்ஹாமில் ஸ்ட்ராட்டன், ஐக்கிய அமெரிக்காவில் எல்ஜின் அமெரிக்கன் ஆகிய நிறுவனங்கள் பாடும் முகப்பவுடர்ச் சிமிழ்களை விற்றன. மூடியைத் திறந்தவுடன் உள்ளே ஒரு நெம்பு விலகும். பொறி பாடத் தொடங்கும். மூடினால் நிற்கும். அலுவலகத்திற் தட்டச்சு வேலை செய்யும் இளம்பெண் தன் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கத்தக்க பொருள்களாக அவை இருந்தன. 1800ஆம் ஆண்டில் ஒரு சீமாட்டியின் மார்பிற் பாடிய அதே கருவி, இப்போது அவள் கைப்பையிற் பாடியது.

அதே கருவி என்பது மிகையன்று. மூடியை அகற்றிப் பார்த்தால் சுருள்வில், முட்கள், உருக்குச் சீப்பு, விசிறி எல்லாம் ஃபாவ்ர் வகுத்த முறைப்படியே இருந்தன. இக்காலச் சிறு இசைப்பெட்டிகளிற் பொதுவாகக் காணப்பட்ட சீப்பு 18 பற்கள் உடையது. உருளை ஒருமுறை சுற்றிவர 15 முதல் 20 விநாடி செல்லும். மெட்டும் அத்துடன் முடிந்து மீண்டும் தலையிலிருந்து தொடங்கும். பதக்கங்களிற் பற்கள் இன்னுங் குறைவு. நீண்ட பாடலொன்றை அத்தனை சிறு வெளியில் அடக்குபவர், எந்தச் சுரத்தை விட்டாலும் பாட்டு அடையாளம் தெரியும், எதனை விட்டால் தெரியாது என்று அறிந்திருத்தல் வேண்டும். பொன் வேலைக்காரரின் இடத்தை முலாம் பூசும் பொறி எடுத்துக்கொண்டது. இந்த அறிவின் இடத்தை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

யப்பான் இத்தொழிலில் நுழைந்ததும் இக்காலத்திலேயே. 1946இல் நகானோ மாநிலத்துச் சுவா ஏரிக்கரையிற் தொடங்கப்பட்ட சங்கியோ நிறுவனம், சில ஆண்டுகளில் இசைப்பொறிகளைச் செய்து, பிற்காலத்தில் உலகச் சந்தையிற் பெரும்பங்கைப் பற்றியது. மூடியைத் திறந்தாற் சிறு நாட்டியப் பாவை சுழன்றாடும் நகைப்பெட்டிகள் ஆசியாவின் பல வீடுகளுக்கு வந்தன. 1980களில் மின்னணுச் சில்லுகள் வந்தபோது, சுருள்வில்லும் சீப்பும் இன்றியே வாழ்த்து அட்டையும் கைமணிக்கூடும் பாடின. அச்சில்லின் ஓசையில், உருக்குப் பல் துடித்தடங்கும் நீட்சி இல்லை. ஆயினும் விலையில் அதனுடன் போட்டியிட எந்த நகையாலும் முடியவில்லை. முலாம் பூசிய பாடும் நகைகளின் காலம் ஏறக்குறைய அத்துடன் முடிந்தது.

பாடும் நகைகள் இன்று அரியனவாய் விட்டமைக்கு வேறொரு காரணமும் உண்டு. பொன்னாற் செய்தவை பொன்னுக்காகவே அழிந்தன. குடும்பத்துக்கு முடை வந்தபோதும், பொன் விலை ஏறியபோதும், பழைய பொன் மணிக்கூட்டுக் கூடுகளும் சிமிழ்களும் உருக்கப்பட்டன. 1980ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் பொன் விலை அதுவரை காணாத உச்சத்தை எட்டியபோது, இவ்வழிவு மிகுந்தது. உருக்குபவர்க்கு உள்ளிருந்த பொறி வெறுஞ் சுமை. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டே கூட்டை நிறுத்தனர். முலாம் பூசியவை பொன் இன்மையால் அழிந்தன. பூச்சுத் தேய்ந்து பித்தளை தெரிந்ததும் அவை குப்பைக்குச் சென்றன. தராசு ஒன்றை உருக்கச் சொன்னது. மற்றதை எறியச் சொன்னது. இரண்டின் உள்ளும் இருந்த இசையை அது நிறுக்கவில்லை.

எஞ்சியவற்றையும் அறியாமை அழிக்கின்றது. இறுகிய வில்லோடு கிடக்கும் பழைய பொறியில் விசிறியை அறியாதவர் கழற்றினால், தடையற்ற உருளை கண்மூடித் திறக்குமுன் பேய்வேகத்திற் சுழலும். முட்கள் வளையும், பற்கள் முறியும். ஒரு நொடியில் நிகழும் அந்த அழிவைத் திருத்தப் பல வாரம் செல்லும். முறிந்த பல்லுக்குப் புதுப்பல் வெட்டி, பற்றவைத்து, அராவி, ஈயம் சேர்த்து, மற்றப் பற்களோடு சுரம் கூட்ட வல்ல கைகள் இன்று மிகச் சிலவே.

அக்கைகளைக் காக்கும் முயற்சியும் இல்லாமற் போகவில்லை. சாந்த் குருவாவிலும் அதனை அடுத்த ஒபெர்சோன் கிராமத்திலும் இசைப்பொறிகளுக்கென நூதனசாலைகள் அமைந்தன. ரூஜ் நிறுவனம் 21ஆம் நூற்றாண்டிலும் அவ்வூரில் இசைப்பெட்டிகளைச் செய்துவந்தது. 2020இல் யுனெஸ்கோ நிறுவனம், ஜூரா மலைப்பகுதியின் மணிக்கூட்டுத் தொழில் நுட்பத்தையும், அதனோடு சேர்ந்த இயந்திரக் கலையையும், மானிடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது. பாடும் பெட்டிகளும் இயங்கும் பாவைகளும் செய்யும் கலை அவ்வியந்திரக் கலையுள் அடங்கும். அப்பட்டியலில் இடம்பெற்றது பொன்னணியோ முலாம் அணியோ அன்று. ஆசிரியன் மாணவனுக்குக் கையாற் காட்டிக்கொடுக்கும் தொழிலறிவே அங்கு மரபெனப் போற்றப்பட்டது.

போலி நகை என்று ஒதுக்கப்பட்ட ஒரு பழம்பதக்கம் எங்கேனும் ஒரு பேழையின் மூலையிற் கிடக்குமானால், அதை எறியுமுன் மூடியை ஒருமுறை திறந்து பார்ப்பது நன்று. சாவியை மெல்லத் திருப்ப, சில சுரங்கள் தடுமாறியேனும் ஒலிக்கக்கூடும். பாண்டியன் அவையில் நடந்ததுபோல, அங்கும் அணியின் உண்மையை உரைக்க வல்லது உள்ளே இருப்பதுதான்.